விருந்தாட வந்த கண்மாய்

கொன்றையேந்தல் கண்மாய், தான் இருந்த இடத்தை விட்டு எழுந்து ஊருக்குள் விருந்தாட வந்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. வாசல் தெளித்த ஈரம் காயாத நேரம், பால் பொங்கி அடங்கும் நேரம், கரைப் பக்கமிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் நடந்து வந்து, பிள்ளையார் கோயிலை வலமாகச் சுற்றி, மேலத்தெரு, கீழத்தெரு, காலனித்தெரு என்று தெருவுக்குத் தெரு பிரிந்து, வீட்டுக்கு வீடு வாசலில் சற்று நின்று, உள்ளேயிருந்து யாராவது ‘வாங்க’ என்று சொன்ன பிறகு படியேறிப் போனது. சொல்லாத வீடு இல்லை. வாசலில் வந்து நிற்பவரை வா என்று கேட்காமல் இருக்கக் கொன்றையேந்தல்காரர்கள் கற்றுக்கொள்ளவே இல்லை. சண்டைக்கு வந்தவனையும் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் திட்டச் சொல்லும் ஊர் அது.

கனகவேணி அப்போது மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்மாய்ப் பாசன சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். செயலாளர் ஆன கதை பெரிய கதை ஒன்றுமில்லை. யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டபோது கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது, அவள் மட்டும் கொசு கடித்ததற்குக் கையைத் தூக்கினாள், உடனே கைதட்டி முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து உடைந்த மடைக்கும் இற்றுப்போன கரைக்கும் எங்கேயாவது நிதி கிடைக்குமா என்று அலைவது அவள் தலையில் விழுந்தது. ஆனால் அவள் அலைந்தது சங்கத்துக்காக மட்டும் இல்லை. பெய்கிற மழையில் பெரும்பகுதி தை முடிவதற்குள் மடை வழியே ஒழுகி ஓடிவிட, விதைத்தது வீடு வந்து சேராமல் போக, அவள் புருஷன் ராக்கப்பன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். போகும்போது, “வர்ற தீபாவளிக்குள்ள மடையும் கரையும் சரியாச்சுன்னா நான் இங்க வந்துர்றேன். ஆகலைன்னா நீ வீட்டப் பூட்டிட்டு அங்க வந்துரணும்” என்று சொல்லி, கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். கனகவேணிக்குத் திருப்பூர் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் நாற்று முடியை அவிழ்த்துச் சேற்றில் ஊன்றும்போது விரல் நுனிக்கு வருகிற அந்தக் குளிர்ச்சி இல்லாமல் மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும் என்று நினைத்தால் அவள் கைவேலையை அப்படியே போட்டுவிடுவாள். பூட்டு வாங்கியாச்சா என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினால் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் வந்து அழுவாள்.

அந்த வீட்டு வாசலில்தான் தண்ணீர் வந்து நின்றது. அவள் பையைக் கீழே வைத்து, “வாங்க” என்றாள். அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல், “நல்லாருக்கீகளா?” என்றும் கேட்டு வைத்தாள். தண்ணீர் படியேறி, கூடத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்று, அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கும் சாமி மூலைக்கும் மட்டும் போகாமல், விருந்தாளி இருக்கவேண்டிய முறைப்படி அமர்ந்துகொண்டது. கூடவே விரால் குஞ்சும் குரவையும் கெளுத்தியும் ஒரு ஆமையும், வேரோடு பெயர்ந்து வந்த ஒரு அல்லிக் கொடியும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, டிவியைப் பரணில் ஏற்றினாள். மதுரைப் பஸ் போய்விட்டது. வீட்டில் விருந்தாளியை வைத்துக்கொண்டு எப்படி ஊருக்குப் போவது?

ஏன் வந்தது என்று ஊரில் யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கடை முன்னால் கூட்டம் போட்டார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் பெரியகருப்பன், ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, “ஒழுகுற வீட்டுல எம்புட்டு நாளுதான் இருக்கும்? அதுக்கும் நம்மள விட்டா யாரு இருக்கா?” என்று கேட்டார். அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து உலையில் விழுந்த ஒவ்வொரு அரிசியும் அந்தத் தண்ணீர் கொடுத்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்துவிட்டு, சோறே போட்டவரைத் தெருவில் நிறுத்த முடியுமா? ஆகவே கண்மாயில் இருந்தபோது அதற்கு என்னென்ன மரியாதையோ அத்தனையும் வீட்டுக்குள்ளும் உண்டு என்று முடிவானது. செருப்புக் காலோடு இறங்கக் கூடாது, சோப்பு போடக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. முக்கியமாக, வெள்ளை வீசாமல் மீனைத் தொடக் கூடாது.

வெள்ளை வீசுவது என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது ஒரு நாள் அம்பலம் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரைக்கும் ஒரு அயிரையைக்கூட யாரும் தொடமாட்டார்கள். வீசிவிட்டால், ஊத்தா என்கிற அடியில்லாத மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் மொத்தமும் ஒரே பாய்ச்சலில் இறங்கிவிடும். அன்றைக்கு இந்தப் பக்கம் உன்னது, அந்தப் பக்கம் என்னது என்ற பேச்சே கிடையாது. யாரும் எங்கேயும் இறங்கலாம், யாரையும் யாரும் மறிக்கக் கூடாது. பிடித்ததை விற்கக் கூடாது, ஆக்கித்தான் தின்ன வேண்டும்.

இப்படியாகக் கட்டில் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடுவது ஊருக்குப் பழகிவிட்டது. பூனைகள் மட்டும் கட்டுப்பாட்டை ஒத்துக்கொள்ளாமல், சன்னல் திண்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அம்பலத்தைத் திட்டின. கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரத்துறைப் பெண், பானை பானையாகக் கவிழ்த்துவிட்டுப் போகும் பழக்கமுள்ளவள், கூடத்தில் மீன் துள்ளுவதைப் பார்த்து, புழு இல்லை என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனாள். கீழத்தெருவில் ஒரு வளைகாப்பு முழங்கால் தண்ணீரில் நடந்தது. பங்குனி வெயிலில் ஊரே குளுகுளுவென்று இருந்தது. திருப்பூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்த பையன்கள் லீவை நீட்டித்துக்கொண்டு போனில் பொய் சொன்னார்கள்.

ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. கண்மாயின் உள்வாயில், தண்ணீர் பரவி நிற்கவேண்டிய இடத்தில், முள்கம்பி வேலி போட்டுத் தென்னை வைத்து, அது தன் அப்பா சொத்து என்று சாதித்துவந்த சேவுகப்பெருமாள் வீடு அது. தண்ணீர் அந்த வாசலைக் கடந்து போனபோது அவர் மனைவி மீனாள் ‘வாங்க’ என்று இரண்டு தடவை சொன்னாள். காதில் விழாதது போலப் போய்விட்டது. மறுநாள் அவள் தேர்க்கோலம் போட்டாள். அதற்கு மறுநாள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், கூடத்தில் நின்ற தண்ணீரிடம், “எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போகணும்” என்று முறைப்படி அழைத்தாள். தண்ணீர் அசையவில்லை. “நம்ம வீடு எதுக்கு நசநசன்னு இருக்கணும், நல்லதாப் போச்சு” என்று சேவுகப்பெருமாள் டீக்கடையில் உரக்கச் சொன்னார். ஆனால் அவர் தரை மட்டும் காய்ந்து கிடப்பதை ஊர் பார்த்தது, ஊர் பார்ப்பதை அவர் பார்த்தார், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கனகவேணி தினமும் தண்ணீரிடம் சொல்லிக்கொண்டுதான் நிதி தேடக் கிளம்புவாள். “இந்தா, மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்” என்பாள். நிதி தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது மாதிரிதான். எல்லா இடத்திலும் உட்காரச் சொல்வார்கள், காப்பி கொடுப்பார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அரசாங்க ஆபீஸில், கண்மாய் புறம்போக்கு, தண்ணீர் இருப்பதோ பட்டா வீட்டில், பட்டா இடத்துக்கு நாங்கள் செலவழிக்க முடியாது என்றார்கள். பெரிய கம்பெனி ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி, அவள் கொண்டுபோன போட்டோக்களைப் புரட்டிவிட்டு, “வெள்ள நிவாரணம் எங்ககிட்ட இல்லம்மா” என்றார். “வெள்ளம் இல்லைங்க சார், வந்துருக்காங்க” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் பறவை இருந்தால் தருகிறோம் என்றார்கள், வேறொரு இடத்தில் காடு இருந்தால் தருகிறோம் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியவில்லை. லிப்டில் ஏறி இறங்கியதில் அவளுக்குத் தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம்.

மதுரையில் ஒரு சந்துக்குள், தையற்கடைக்கு மேலே இருந்த தாமரைக்கேணி அறக்கட்டளைக்கு அவள் போனது, மழைக்கு ஒதுங்குவது போல வெயிலுக்கு ஒதுங்கித்தான். அங்கே களப்பணி பார்க்கிற ஷமீமா, இளையான்குடிப் பெண், போட்டோவைப் பார்த்து மற்றவர்கள் கேட்ட எதையும் கேட்கவில்லை.

“வந்து எத்தனை நாளாச்சுக்கா? சௌகரியமா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

கனகவேணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் இத்தனை மாடி ஏறியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வைகாசியில் ஷமீமா ஊருக்கு வந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார்த்தாள். பிறகு ரேஷன் கடை முன்னால் ஊரைக் கூட்டி, “மடை கட்ட, கரையை உயர்த்த, தூர் அள்ள, எங்க அறக்கட்டளை கொடுக்கும். ரெண்டே விஷயம். உள்வாயில இருக்கிற வேலி போகணும். வேலை முடிஞ்சதும் தண்ணியத் திரும்ப அனுப்பி வைக்கிறோம்னு எல்லா வீட்லயும் ஒத்துக்கணும். தண்ணி வராத கண்மாய்க்குச் செலவு பண்ணினா என்னைய ஆபீஸ்ல கேப்பாங்க” என்றாள்.

முதல் விஷயத்துக்கு எல்லோரும் சேவுகப்பெருமாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார். இரண்டாவது விஷயத்துக்கு யார் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் முழித்தார்கள்.

“எங்க வீட்ல அது நல்லாத்தான் இருக்கு. எதுக்கு அனுப்பணும்?” என்றார் டீக்கடை வெயிலுகந்தான்.

“எங்க வீட்லயும் ஒரு குறையும் இல்ல, நல்லா வச்சிருக்கோம்” என்றார்கள் கீழத்தெருக்காரர்கள்.

“நீங்க கண்மாயக் கட்டுங்க மேடம். மழை பெய்ஞ்சா புதுத் தண்ணி வரும், அத அங்க வச்சுக்குவோம். இது எங்க வீட்டுத் தண்ணி” என்று சொன்ன ஒருவரைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று ஊரே தலையாட்டியது.

கனகவேணி பேச எழுந்தவள், உட்கார்ந்துவிட்டாள். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுத் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. முழங்காலில் நின்றது கெண்டைக்காலுக்கு இறங்கி, வெதுவெதுப்பாகி, விரால் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது சும்மா சொன்னதில்லை. ஆனால் தன் வீட்டில் வந்து தங்கிய விருந்தாளி இளைத்துப்போகிறார் என்று எந்த வாயால் ஊருக்குச் சொல்வது? தான்தான் ராசியில்லாதவள், தன் வீடுதான் ஆகாத வீடு என்று மறுகி, அவள் தினமும் ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் தெருக்குழாயில் குடம் குடமாகப் போர்த் தண்ணீர் பிடித்து வந்து கூடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிவிட்டுக் குடத்தைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைப்பாள். மற்ற வீடுகளிலெல்லாம் நன்றாக இருக்கும்போது, என் வீட்டுக்காக அனுப்பிவிடுங்கள் என்று எப்படிக் கேட்பாள்? கேட்காவிட்டால் நிதி இல்லை, மடை இல்லை, தீபாவளிக்குப் பூட்டுதான். 

ஷமீமா முகம் வாடிப்போய், வந்ததற்குக் கண்மாயையாவது ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஜீப்பை அங்கே விடச் சொன்னாள். கண்மாய்க்குள் மேலே காய்ந்த பொருக்கு, அடியில் சேறு. ஜீப் உள்ளே இறங்கியதும் பின் சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. டிரைவர் அருளானந்து நல்ல மனிதர், வெளியூர்க்காரர். தள்ளுவதற்கு நாலு ஆள் வேண்டும் என்று கரைமேல் ஏறி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, ஊரைப் பார்த்துத் தலைக்கு மேல் வீசு வீசென்று வீசினார்.

டீக்கடையில் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த வெயிலுகந்தான் நிமிர்ந்து பார்த்தார். கிளாஸ் கை நழுவியது.

“வெள்ள வீசியாச்சுடோய்!”

அவ்வளவுதான். பரணில் கிடந்த ஊத்தாக்கள் இறங்கின. குளித்துக்கொண்டிருந்த அம்பலம் பெரியகருப்பன் துண்டோடு வெளியே ஓடிவந்து, “நான் வீசலையேப்பா! யாருடா வீசுனது?” என்று இரண்டு தடவை கத்தினார், மூன்றாம் தடவை கத்துவதற்குள் மீன் போய்விடுமே என்ற பதைப்பில் தன் ஊத்தாவைத் தேட உள்ளே ஓடினார். ஊர் கண்மாயைப் பார்த்து ஓடவில்லை. கண்மாய்தான் வீடுகளில் இருக்கிறதே. வெள்ளை வீசினால் யாரும் எங்கேயும் இறங்கலாம் என்பதுதானே ஊர்க்கட்டு? மேலத்தெரு கீழத்தெருவுக்குள் பாய்ந்தது, கீழத்தெரு மேலத்தெருவுக்குள் பாய்ந்தது. மேலத்தெரு வீட்டுக் கூடங்களை அதுவரைக்கும் வாசலில் நின்றே பார்த்துப் பழகிய காலனித்தெருக்காரர்கள், ஆணும் பெண்ணும், ஊத்தாவோடு படியேறி உள்ளே இறங்கினார்கள். யாரும் மறிக்கவில்லை, மறிக்கக் கூடாது என்பதும் கட்டுதான். மறுநாள் சிலருக்கு அது உறைத்தது. உறைத்தபோது, அத்தனை வருஷமாக மறித்ததுதான் வெட்கமாக இருந்தது. கனகவேணி வீட்டுக்குள் யார் யாரோ இறங்க, அவள் அம்பலத்தின் வீட்டுக்குள் இறங்கினாள். கரைமேல் நின்ற அருளானந்து, தள்ள வருவார்கள் என்று பார்த்த ஜனம் மூலைக்கு ஒன்றாக ஓடுவதைக் கண்டு, துண்டை இன்னும் வேகமாக வீசினார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. அடங்கவே கூடாத நேரத்தில் அடங்கியது. ஊத்தாவைக் குத்தி, மேலே கையை விட்டுத் துழாவி எடுத்த மீன்கள் எல்லாம் தலை பெருத்து உடம்பு ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் எந்த வீட்டிலும் கெண்டைக்காலுக்கு மேல் இல்லை. எல்லா வீட்டிலும் வெதுவெதுவென்று இருந்தது. ஊத்தாவை ஊன்றிக்கொண்டு நின்ற கனகவேணி, அம்பலம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஈரம் காயாத மூன்று பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தாள்.

“மதினி, இது என்ன குடம்?” என்று அம்பலத்தின் மனைவியைக் கேட்டாள்.

அந்த அம்மாள் கனகவேணியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, “ஒங்க வீட்ல எதுக்கு இருக்கோ அதுக்குத்தான்” என்றாள்.

ஒரு கணம் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு கனகவேணி சிரித்தாள், மதினியும் சிரித்தாள், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதே நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடமோ, ஒரு ரப்பர் குழாயோ, ஒரு தகர வாளியோ கதவுக்குப் பின்னாலிருந்து கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஊர் மொத்தமும், தன் வீடு ஒன்றுதான் ராசியில்லாத வீடு என்று நினைத்து, ஆளுக்கொரு நேரமாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தெருக்குழாய்க்கு மட்டும்தான் முழு விஷயமும் தெரியும். பிடித்த மீன்களைப் பிடித்த இடத்திலேயே மெதுவாக விட்டார்கள். காலனித்தெரு இருளாயி, கையிலிருந்த குரவையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, “விருந்துக்கு வந்தவுகள நாம எல்லாரும் சேந்து கொன்னுருப்போம்த்தா. அவுக வீட்ட முதல்ல சரி பண்ணிக் குடுப்போம்” என்றாள். அதுதான் ஊர்த் தீர்மானம். 

ஊத்தாக்காரர்களில் ஒரு கூட்டம் சேவுகப்பெருமாள் வீட்டுக்கும் போயிருந்தது. ஓடுகிற வேகத்தில், ஒரு வீடும் விடாமல் போகிற பழக்கத்தில் போய்விட்டார்கள். அவர் காய்ந்த கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“இங்க எதுக்கப்பா வந்தீக? எங்க வீட்டுலதான் தண்ணி இல்லையே” என்றார். 

“தண்ணி இல்லைன்னா என்ன மாமா? கண்மாயில மேட்டுப் பக்கமும் கண்மாய்தானே” என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் பெரிதாக யோசித்துச் சொல்லவில்லை, மூச்சிரைப்பில் சொன்னது. மீனாள் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் அந்த வீட்டில் கை நனைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசி டம்ளர் காலியாவதற்குள் சேவுகப்பெருமாள் கம்பி வெட்டுகிற கொறடாவைத் தேடி எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனார். முள்கம்பியை அவரே வெட்டினார், கல்லுக்காலை அவரே பிடுங்கினார். பிடுங்கிய கல்லுக்கால்களைத்தான் ஜீப்பின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து வண்டியை மேலே ஏற்றினார்கள்.

அறக்கட்டளை நிதி கொடுத்தது. ஷமீமா தன் ஆபீஸில் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, ஆனியில் வேலை தொடங்கிவிட்டது. புது மடை எழுந்தது, கரை உயர்ந்தது, தூர் அள்ளிய வண்டலைக் கூடை கூடையாக வயலுக்குச் சுமந்தார்கள். தெருக்குழாயில் இப்போது பகலில், வரிசையில் நின்று, பேசிச் சிரித்தபடி தண்ணீர் பிடித்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் ஊற்றினார்கள். விருந்தாளியை வேலை முடியும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டுமே. மத்தியானத்தில் ஷமீமா வந்தால், எந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று சண்டை வரும். கனகவேணி அவளை மேடம் என்று கூப்பிடுவதை விட்டு, தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

புரட்டாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து வழியனுப்பினார்கள். மகளைப் பேறுகாலம் முடித்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, வாசலுக்கு வாசல் ஆரத்தி, மஞ்சள், பூ. தண்ணீர் படியிறங்கி, வந்தபோது வந்தது போலவே சத்தமில்லாமல், தெருவுக்குத் தெரு ஒன்றுசேர்ந்து நடந்தது. சேவுகப்பெருமாள் வீட்டு வாசலில் நின்றது. மீனாள் வாயைத் திறக்குமுன்னே படியேறி, கூடத்தை நனைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி வந்தது. மீனாள் அந்த ஈரத்தைத் துடைக்கவில்லை. தானாகக் காயும்வரை காலை வைக்காமல் சுவரோரமாக நடந்தாள். கனகவேணி தன் வாசலில் நின்று, “போயிட்டு வாங்க” என்றாள். பிறகு வெறும் கூடத்துக்குள் வந்து, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கையால் தடவினாள். அவளுக்குத் துக்கமாகவும் இருந்தது, பெரிய நன்றியாகவும் இருந்தது, இரண்டையும் பிரிக்க அவள் முயலவில்லை.

ஆனால் போன தண்ணீர் கண்மாயின் அடியில் ஒரு குட்டையாகத்தான் கிடந்தது. ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. தீபாவளிக்குச் சில நாள் முன்னால் ராக்கப்பன் பையோடு வந்து இறங்கினான். மடையைப் போய்ப் பார்த்தான், கரைமேல் நடந்து பார்த்தான்.

“கட்டடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மடை தாங்குமா தாங்காதான்னு தண்ணி வந்தாத்தானே தெரியும்? பழைய மடையும் கட்டுன புதுசுல அழகாத்தான் இருந்துச்சு” என்றான். “சத்தியம் பண்ணியிருக்க. நாளைக்கு ராத்திரி பஸ்ஸுக்குச் சீட்டுப் போட்டிருக்கேன்.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள், துணிகளை மடித்தாள், கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கல்களை எடுத்து அடுக்கினாள். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வடக்கே கறுத்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பிடித்துக்கொண்டது. பஸ் நேரத்துக்கும் பெய்தது, விடிந்தும் பெய்தது. வரத்துக்காலில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து கண்மாய்க்குள் விழ, ஊர் மொத்தமும் குடையும் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியுமாகக் கரைமேல் போய் நின்றது. யாரும் தண்ணீர் வருவதைப் பார்க்கவில்லை, எல்லோரும் மடையைப் பார்த்தார்கள். தண்ணீர் மடையின் முதல் படியைத் தொட்டது, இரண்டாவதை மூடியது, பலகையை முட்டியது. சேவுகப்பெருமாளின் தென்னைகளைச் சுற்றிப் பரவி, அப்பால் போய், பழைய எல்லையைத் தொட்டு நின்றது. கனகவேணி புருஷனைப் பார்த்தாள்.

ராக்கப்பன் கரையின் மறுபக்கம் இறங்கி, மடைக்கண் முன்னால் குந்தி உட்கார்ந்தான். உள்ளே கையை விட்டான். சிமெண்டை நாலு பக்கமும் தடவினான். காதை வைத்துக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். கையை வெளியே எடுத்துப் பார்த்தான்; மேலே மழைக்கு நனைந்த கை, உள்ளங்கை மட்டும் உலர்ந்திருந்தது.

அவன் எழுந்து, மேலே நின்ற அவளை அண்ணாந்து பார்த்து, மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினான்: “விதை நெல்லு யார்கிட்டடி கேக்கலாம்?”

அவளுக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது, யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. கண்மாயையா, மதுரைச் சந்தில் மாடியில் இருக்கிற அந்தப் பெண்ணையா, துண்டு வீசிய டிரைவரையா, இருளாயியையா, இந்த மனுஷனையா? ஒருவரைக் கும்பிட்டால் இன்னொருவர் விட்டுப்போவார். ஆகவே கனகவேணி குடையைக் கீழே போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில், கரைமேல் நின்ற இடத்திலேயே, கூப்பிய கையோடு ஒரு முழுச்சுற்று மெதுவாகச் சுற்றினாள். அவள் முகம் தன் பக்கம் திரும்பியபோது, கரையில் நின்ற ஒவ்வொருவரும், தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்துக் கூச்சப்பட்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பதிலுக்கு அவளைக் கும்பிட்டார்கள்.